கார் சுமக்கும் பெட்டியும் விளையாட்டுச் செங்கல்லும்

விளையாட்டுச் செங்கற்களைக் கொண்டு, கார்களை ஏற்றிச் செல்லும் ரயில் பெட்டியொன்றின் மாதிரியை அமைக்க முற்படுபவர் முதலில் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். அவர் அமைக்கப்போவது எந்த ஆண்டுப் பெட்டி? சுவரும் கூரையும் இன்றிக் கார்கள் வெளியே தெரியும் பெட்டி என்றால் அது 1960களுக்குரியது. நாற்புறமும் தகடு போர்த்திய பெட்டி என்றால் 1970களுக்கும் அதற்குப் பின்னருக்கும் உரியது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதை அறியாமல் மாதிரி அமைப்பவர் அழகான பொம்மையைச் செய்யலாம். வரலாற்றைச் செய்ய முடியாது.

இலங்கையில் இத்தகைய பெட்டியை நான் கண்டதில்லை. இதன் வரலாறு பெரிதும் வட அமெரிக்காவுக்கு உரியது. ஆயினும் இதில் எனக்கு ஈடுபாடு ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகள் பத்திரிகைப் பணியில் இருந்தவன் என்ற வகையில் ஒன்றை அறிவேன். அமைச்சர்களின் பேச்சுகள் கோப்புகளில் பத்திரமாக இருக்கும். பண்டங்கள் எவ்வாறு ஏற்றப்பட்டன, யார் ஏற்றினார்கள், எது உடைந்தது என்பவற்றை எவரும் பேணி வைப்பதில்லை. மாதிரி அமைப்போர் அந்தச் சிறு விபரங்களைத் தேடுகிறார்கள். தேடாவிட்டால் அவர்களது பெட்டி ஓடாது.

கார் பெருகியதால் பயணிகளை இழந்தது ரயில். அந்தக் காரையே சுமந்து பிழைக்க வேண்டிய நிலையும் அதற்கு வந்தது. ஆரம்பத்தில் கார்களைச் சாதாரண மூடிய சரக்குப் பெட்டிகளில்தான் அனுப்பினார்கள். பக்கக் கதவு வழியாக ஒவ்வொரு காரையும் உள்ளே தள்ளித் திருப்ப வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே, பெட்டிக்குள் இரும்புச் சட்டம் பொருத்திச் சில கார்களைச் சாய்வாக உயர்த்தி, அவற்றின் கீழே வேறு கார்களை நிறுத்தும் ஏற்பாடு வந்தது. அப்படியும் 40 அடிப் பெட்டியில் நான்கு கார்கள்தான் அடங்கின. அத்தனைக்கும் ஆள் கூலி வேறு. லொறிகள் இந்த வியாபாரத்தைப் பறித்துக்கொண்டதில் வியப்பில்லை.

மாற்றம் 1950களில் தொடங்கியது. 1954இல் ஜேர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் பத்துக் கார்களை இரண்டு அடுக்குகளில் ஏற்றும் ரயில் பெட்டிகளைப் பயன்படுத்தியது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் கனடிய தேசிய ரயில்வே 75 அடி நீளமும் இரண்டு அடுக்குகளும் கொண்ட மூடிய பெட்டிகளைச் சேவையில் இறக்கியது. ஒவ்வொன்றும் எட்டுக் கார்களைச் சுமந்தது. எண்ணிக்கையைவிட முக்கியமானது கதவு இருந்த இடம். அது பெட்டியின் முனையில் இருந்தது. சர்க்கஸ் கூட்டத்தார் தம் வண்டிகளை ரயிலின் ஒரு முனையில் ஏற்றிப் பெட்டிக்குப் பெட்டி கடத்திச் செல்வது போல, காரை ஓட்டியே உள்ளே கொண்டு செல்லலாம். 1960ஐ ஒட்டி அமெரிக்காவில் மூன்று அடுக்குப் பெட்டிகள் வந்தன. பெரிய கார்கள் என்றால் 12, சிறியவை என்றால் 15 ஏறின. புதிய கார்களின் போக்குவரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்த ரயில், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ அரைவாசியை மீட்டுக்கொண்டது.

அடுக்கிய கார்கள் திறந்த வெளியில் ஊர் ஊராகச் சென்றன. கல்லெறிந்தவர்களும் இருந்தார்கள், உதிரிப்பாகங்களைக் கழற்றியவர்களும் இருந்தார்கள். நட்டஈடு கொடுத்துக் களைத்த ரயில் நிறுவனங்கள் முதலில் பக்கங்களுக்குத் தகடு அடித்தன. பின்னர் கூரை வந்தது. முனைக் கதவுகளும் வந்தன. தொடக்கத்தில் நான் கூறிய கேள்விக்கு விடை இதுதான்.

இனிச் செங்கல்லுக்கு வருவோம். டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் ஊரில் ஒரு தச்சரால் 1932இல் தொடங்கப்பட்ட லெகோ நிறுவனம், இன்று நாம் அறிந்த வடிவிலான செங்கல்லுக்கு 1958 ஜனவரி 28இல் காப்புரிமை கோரியது. பற்றரியால் இயங்கும் அதன் ரயில் 1966இல் வந்தது. கார் ஏற்றும் பெட்டியையும் அது விற்றிருக்கிறது. 1994இல் வெளியான 4544 என்ற இலக்கத் தொகுதி அதற்கு உதாரணம்: ஒரு பெட்டி, அதன் மேல் ஒரு கார். குழந்தைக்கு அது போதும். ஆனால் ஒரு பெட்டிக்கு ஒரு கார் என்பது எந்த ரயில்வேக்கும் கட்டுபடியாகாத கணக்கு. அடுக்குவதில்தான் இந்தப் பெட்டியின் முழுப் பொருளும் இருக்கிறது. ஆகவே இதில் அக்கறை உள்ள பெரியவர்கள் தொகுதியை ஒதுக்கிவிட்டுத் தாமே வடிவமைக்கிறார்கள்.

அவ்வாறு செய்பவருக்கு ஓர் இனிய தற்செயல் கைகொடுக்கிறது. செங்கல்லின் மேலுள்ள ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைத்தூரம் 8 மில்லிமீற்றர். லெகோ தண்டவாளங்களின் இடைவெளியை உலகின் நியம அகலமான 1435 மில்லிமீற்றருடன் ஒப்பிட்டால் கிடைப்பது ஏறத்தாழ முப்பத்தெட்டில் ஒரு பங்கு என்ற அளவு. அந்த அளவில் ஓர் அடி என்பது ஒரு குமிழ். அமெரிக்காவின் 89 அடிப் பெட்டிக்கு 89 குமிழ்கள். பெருக்கவோ வகுக்கவோ தேவையில்லை. 19 அடி உயரத்துக்குச் செங்கல் வரிசைகள் பதினாறு வேண்டும்.

இன்பம் அத்துடன் முடிந்துவிடும். லெகோவின் வழமையான வளைவின் ஆரை 40 குமிழ்கள் மாத்திரமே, அதாவது 32 சென்ரிமீற்றர். உண்மை அளவில் அது 12 மீற்றர் ஆரையுள்ள வளைவு. எந்தச் சரக்கு ரயிலும் அதில் திரும்பாது. சில்லுத் தொகுதிகள் இரண்டுக்கும் இடையே 36 குமிழ்கள் விட்டால்கூடப் பெட்டியின் நடுப்பகுதி பாதையின் மையத்திலிருந்து நான்கு குமிழ்களுக்கு மேல் உட்புறமாக விலகும். அயல் பாதையில் வரும் ரயிலை அது இடித்துத் தள்ளும். எனவே நீளத்தை வெட்ட வேண்டும். நீளம் குறைந்தால் கார்களின் தொகை குறையும். அல்லது கார்களைச் சிறிதாக்க வேண்டும். அப்போது உயரம் பொருந்தாது. மெல்லிய தட்டுகளால் அமைத்த மேல் அடுக்கு பாரத்தில் தொய்யும். அதைத் தடிப்பாக்கினால் கீழ் அடுக்குக் காரின் கூரை முட்டும். சுரங்கத்தின் உயரம், பாலத்தின் அகலம், பெட்டியின் எடை ஆகியவற்றுக்கிடையே ரயில் பொறியியலாளர்கள் போராடிய போராட்டத்தின் சிறு வடிவம் இது. மேசையில் அமர்ந்து இதைச் செய்து பார்ப்பவர், மூன்றாவது அடுக்கு ஏன் அவ்வளவு காலம் தாமதித்தது என்பதைத் தாமே கண்டுகொள்வார்.

என் பார்வையில், மாதிரி அமைப்பதற்கு மிகவும் தகுதியானது ஜெனரல் மோட்டர்ஸும் சதேர்ன் பசிபிக் ரயில்வேயும் சேர்ந்து உருவாக்கிய வேர்ட்டாபக் பெட்டி. 1970இல் ஒகையோ மாநிலத்தின் லோட்ஸ்ரவுன் ஆலையில் உற்பத்தியாகத் தொடங்கிய செவ்ரோலே வேகா என்னும் சிறிய காருக்காக மாத்திரம் செய்யப்பட்டது அது. கார்களை மூக்குக் கீழாகச் செங்குத்தாகத் தொங்கவிட்டார்கள். மூன்று அடுக்குப் பெட்டியில் 18 வேகாக்கள் ஏறின, இதில் 30. பக்கத்துக்குப் பதினைந்து கதவுகள் தரையை நோக்கித் திறக்கும். ஒவ்வொரு கதவின் மேலும் ஒரு காரை ஓட்டி நிறுத்தி, அடிப்பாகத்தைப் பூட்டி, பாரந்தூக்கி வாகனத்தால் கதவை மேலே உயர்த்தி மூடுவார்கள். உள்ளே இரு வரிசைக் கார்களும் கூரையோடு கூரை பார்த்தபடி தொங்கும்.

எண்ணெயும் பற்றரி அமிலமும் அகற்றப்படாமலே இந்தக் கார்கள் பயணம் செய்தன. இறக்கியவுடன் ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காகக் காரையே மாற்றி வடிவமைத்தார்கள். எண்ணெய் முன் சிலிண்டருக்குள் வழியாதிருக்க இயந்திரத்தினுள் ஒரு தடுப்பு வைக்கப்பட்டது. பற்றரியின் மூடிகள் பின் விளிம்புக்கு மாற்றப்பட்டன. கண்ணாடி கழுவும் நீர்ப் போத்தல் 45 பாகை சாய்த்துப் பொருத்தப்பட்டது. பெட்டிக்காகக் கார் வளைந்துகொடுத்தது.

வேகாவின் உற்பத்தி 1977இல் நின்றது. வேறு எந்தக் காருக்கும் பொருந்தாத அந்தப் பெட்டிகளின் மேற்கூடுகள் பழைய இரும்பாகின. அடித்தட்டு வண்டிகள் வேறு வேலைகளுக்குப் போயின. ஆகவே இதை அமைப்பவர் பழைய புகைப்படங்களை நம்பியே அமைக்க வேண்டும். கணக்கு மட்டும் அவருக்குச் சாதகமாக இருக்கிறது. கதவொன்றுக்கு ஆறு குமிழ்கள் வீதம் பதினைந்து கதவுகளுக்குத் தொண்ணூறு குமிழ்கள். உண்மைப் பெட்டியின் நீளத்துக்கு ஒன்றுதான் கூட. பிணைச்சல் துண்டுகள் காரின் பாரத்தைத் தாங்குமா என்பதைக் கட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.