இடுப்பு முறிந்த முதியோர் எழுந்து நடந்த வரலாறு

வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார் என்னும் செய்தி வந்தால், “இனி எங்கே எழுந்திருக்கப் போகிறார்!” என்று உற்றாரும் ஊராரும் பெருமூச்செறிவது இன்றும் வழக்கமாக உள்ளது. இச்சொல் இரக்கத்தால் பிறப்பது. ஆயினும் கேடு விளைப்பது. எழமாட்டார் என்று முடிவு கட்டியபின் அவரை எழுப்ப முயல்வார் யார்? மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இவ்வாறே எண்ணியிருந்தது. அவ்வெண்ணம் மாறிய வரலாறு அறியத்தக்கது.

முறிவது எது?

இடுப்பு முறிவு என்று வழங்கினும், முறிவது இடுப்பெலும்பு அன்று. தொடையெலும்பின் மேல்முனையே ஆகும். அம்முனையில் பந்து போன்ற தலை ஒன்று உண்டு. அது இடுப்புக் குழியில் பொருந்தியிருக்கும். அத்தலையைத் தொடையெலும்பின் தண்டோடு இணைப்பது சாய்வாக அமைந்த கழுத்து. முதுமையில் எலும்பு உள்ளே புரைபட்டு மெலிகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இம்மெலிவு விரைந்து வரும். ஆகவே நின்ற நிலையிலிருந்து தரையில் விழுந்த அளவிலேயே கழுத்து முறிந்துவிடுகிறது. எலும்பின் தலைக்கு உணவூட்டும் குருதிக் குழாய்களிற் பெரும்பாலானவை அக்கழுத்தை ஒட்டியே மேலேறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுபடும். இந்நோயின் கொடுமை இங்கேதான் தொடங்குகிறது.

இது புதிய நோயன்று. புனித உரோமப் பேரரசர் நான்காம் சார்லசு, 1378ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பிராக் நகரில் தம் 62ஆம் வயதில் இறந்தார். அவருடைய எலும்புகளைப் பிற்காலத்து அறிஞர்கள் ஆராய்ந்தபோது தொடையெலும்பின் கழுத்து முறிந்திருக்கக் கண்டனர். முறிவினால் படுத்தார், படுத்ததனால் நுரையீரல் அழற்சி கண்டது, அதனால் மாண்டார் என்பது அவர்கள் துணிபு. முறிவு கொல்லவில்லை, படுக்கையே கொன்றது என்னும் உண்மை இங்கே புலப்படுகின்றது.

கூப்பர் கண்ட வழி

இலண்டன் மாநகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான சர் அஸ்ட்லி கூப்பர், மூட்டு முறிவுகளைப் பற்றித் தாம் எழுதிய நூலை 1822ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூட்டின் உறைக்குள் நிகழும் முறிவு வேறு, உறைக்கு வெளியே நிகழும் முறிவு வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். உறைக்குள் முறிந்த எலும்பு முதியோர்க்குப் பெரும்பாலும் கூடுவதில்லை என்றும், குருதியோட்டம் குன்றுவதே அதற்குக் காரணம் என்றும் கூறினார். எலும்பைக் கூட்டும் முயற்சியில் நோயாளியின் உடல்நலமே அழிவதைக் கண்ட அவர், நோவு தணியும் வரை பத்து நாளோ இரு வாரமோ படுக்க வைத்து, பின் உயர்ந்த நாற்காலியில் அமர்த்தி, அதன்பின் தாங்குகட்டைகளைக் கொண்டு நடக்கச் செய்தார். எலும்பைக் கைவிட்டு ஆளைக் காப்பாற்றிய வழி இது. ஆள் பிழைத்தார், கால் ஊனமாயிற்று.

கட்டும் கிடையும்

பின்வந்தோர் எலும்பைக் கைவிட மனம் ஒப்பவில்லை. இலிவர்ப்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமசு, முறிந்த உறுப்புக்கு நீண்ட, இடையறாத ஓய்வே மருந்து என்றார். அவர் பெயரால் வழங்கும் கட்டுச்சட்டம் பல்லாயிரவர்க்கு உதவியது உண்மையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கு மருத்துவர் ராயல் விட்மன், காலை வெளிப்புறமாக அகற்றி வைத்து, உடலின் நடுப்பகுதி முதல் கால்விரல் வரை மாக்கட்டுப் போடும் முறையைப் பரப்பினார். முறிவு கூடவே கூடாது என்றிருந்த காலத்தில் இது பெரிய முன்னேற்றந்தான். ஆயினும் எண்பது வயது முதியவர் அக்கட்டுக்குள் வாரக்கணக்கில் அசையாது கிடந்தால் படுக்கைப் புண்ணும் நுரையீரல் நோயும் குருதி உறைதலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். இப்போது எலும்பைக் காக்க முயன்று ஆளை இழந்தனர்.

ஜெர்மனியின் பெருமருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்க்கோவின் முடிவும் இதற்குச் சான்றாகும். உடலின் நுண்ணறைகளைக் கொண்டு நோயை விளக்கியவர் அவர். குருதி உறைந்து குழாயை அடைக்கும் தன்மையை ஆராய்ந்தவரும் அவரே. 1902 சனவரியில், 80 வயதில், பெர்லின் நகரில் ஓடும் டிராம் வண்டியிலிருந்து இறங்குகையில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். உடல்நலம் படிப்படியாகக் குன்ற, அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் மறைந்தார். மருத்துவத்தின் தலைமகனையே அந்நாளைய மருத்துவத்தால் மீட்க இயலவில்லை.

ஆணி வந்தது

கூப்பர் வழியையும் விட்மன் வழியையும் ஒன்றாக்கிய பெருமை ஓர் ஆணியைச் சாரும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய மாரியசு ஸ்மித்-பீட்டர்சன், மூன்று விளிம்புகள் கொண்ட எஃகு ஆணி ஒன்றைக் கழுத்து வழியே தலைக்குள் செலுத்தி, முறிந்த பகுதிகளைப் பிணைத்தார். விளிம்புகள் மூன்றாதலால் எலும்பின் தலை சுழலாது நின்றது. 1925ஆம் ஆண்டில் தொடங்கிய இம்முறையை அவர் 1931இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே சுவீடனின் ஸ்வென் யோகான்சன், ஆணியின் நடுவே துளையிட்டு, எக்சு கதிரின் துணையால் கம்பி வழியே செலுத்தும் எளிய முறையைக் கண்டார். கூடாத எலும்புத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலையைப் பொருத்தும் முறை 1950ஆம் ஆண்டுகளில் பரவியது. இனி, எலும்பு கூடும் வரை ஆள் கிடக்க வேண்டியதில்லை.

விர்க்கோ விழுந்து அறுபது ஆண்டுகள் கழித்து, 1962 சூன் 28ஆம் நாள், வின்ஸ்டன் சர்ச்சில் மான்டி கார்லோவில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 87. இலண்டன் மருத்துவமனையில் ஏறக்குறைய எட்டு வாரம் இருந்து வீடு திரும்பினார். முன்னைய வலிமை முழுதும் மீளவில்லையாயினும், மறுபடியும் பாராளுமன்றம் சென்றார். 1965 வரை வாழ்ந்தார்.

எழுப்பியவர்கள்

ஆணி எலும்பைப் பிணைத்தது, மனிதனை எழுப்பவில்லை. அப்பணியைத் தொடங்கியவர்களுள் தலையாயவர் மார்ஜரி வாரன் அம்மையார். 1935ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியின் 714 நோயாளிகளை ஏற்றுக்கொண்டது. தீராத நோயாளர் என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தோரை அம்மையார் ஒருவர் ஒருவராக ஆராய்ந்தார். பலர் எழுந்து நடந்தனர். எசெக்ஸ் மாவட்டத்தில் லயனல் கோசின் என்னும் அறுவை மருத்துவர், இடுப்பு முறிந்த முதிய பெண்டிர்க்கு அறுவை செய்து விரைவில் நடக்க வைத்தார். ஹேஸ்டிங்சு நகரில் மைக்கேல் டேவாசு என்னும் எலும்பு மருத்துவரும், இர்வின் என்னும் முதியோர் மருத்துவரும் ஒரே நோயாளியை இருவருமாகக் கூடிப் பார்க்கும் முறையை நிறுவினர். இன்று சிறந்த மருத்துவமனைகள் பின்பற்றுவது இதுவே.

படுக்கையின் கேட்டை அளந்தும் காட்டியுள்ளனர். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில், நோயற்ற முதியோர் பத்தே நாள் படுத்திருந்ததனால் கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழந்தனர். நோயுற்றோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! இங்கிலாந்தில் அதே 2007ஆம் ஆண்டு முதல் இடுப்பு முறிவுக்கெனத் தேசியப் பதிவேடு ஒன்று நடந்து வருகின்றது. விரைந்து அறுவை செய்யப்பெற்றனரா, முதியோர் மருத்துவர் பார்த்தாரா என்பன அதிற் பதியப்பெறுகின்றன. அங்கு முப்பது நாளுக்குள் இறப்போர் தொகை 2007இல் நூற்றுக்கு 10.9 ஆக இருந்தது, 2011இல் 8.5 ஆகக் குறைந்தது.

ஓராண்டுப் பாடம்

ஆயினும் வெற்றி முழுமை பெறவில்லை. முறிவுற்ற முதியோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கின்றனர். எஞ்சியோரில் நூற்றுக்கு 40 முதல் 60 பேரே பழைய நடையை மீளப் பெறுகின்றனர். அமெரிக்காவின் பால்டிமோரில் மகசீனர் குழுவினர் நோயாளிகளை இரண்டாண்டுகள் தொடர்ந்து கண்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது. மனச்சோர்வும் அறிவுத் தெளிவும் கைகளின் செயலும் ஏறக்குறைய நான்கு மாதத்தில் சீர்படுகின்றன. கால்களின் செயல் சீர்படவோ பதினொரு மாதம் ஆகின்றது.

நான்காம் மாதத்தில் முதியவர் தெளிவாகப் பேசுகிறார். தம் கையால் உண்கிறார். ஆனால் தனியே குளிக்கவும் படியேறவும் இயலவில்லை. “இனி இவ்வளவுதான்” என்று குடும்பம் பயிற்சியை நிறுத்திவிடுவது அப்போதுதான். கால்கள் தேறும் காலம் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது என்பதை அவர்கள் அறியார். அறிந்தால், நாள்தோறும் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியையும், பிறர் துணையோடு நடக்கும் நடையையும் விடார். பருப்பும் பாலும் முட்டையும் குறையாது ஊட்டுவர். குளியலறையில் கைப்பிடி அமைப்பர். மறுமுறை முறியாதிருக்க எலும்பை வலுப்படுத்தும் மருந்து வேண்டுமா என மருத்துவரைக் கேட்பர்.

இது மேனாட்டார் கவலை மட்டும் அன்று. 1960ஆம் ஆண்டுகளின் கணக்கோடு 1990ஆம் ஆண்டுகளின் கணக்கை ஒப்பிட்டபோது, சிங்கப்பூரில் இடுப்பு முறிவு பெண்களிடையே ஏறக்குறைய ஐந்து மடங்காகவும் ஆண்களிடையே ஒன்றரை மடங்காகவும் பெருகியிருந்தது. 1990இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 16 இலட்சமாயிருந்த இம்முறிவுகள் 2050இல் 60 இலட்சத்தைக் கடக்கும் என்றும், அவற்றுள் பாதி ஆசியாவில் நிகழும் என்றும் 1992ஆம் ஆண்டிலேயே அறிஞர் கணித்தனர்.

கூப்பர் ஆளைக் காத்தார். விட்மன் எலும்பைக் காத்தார். ஸ்மித்-பீட்டர்சன் இரண்டையும் காக்க வழி செய்தார். வாரன் அம்மையார் கிடந்தோரை எழுப்பினார். எஞ்சியுள்ள பணி மருத்துவமனையில் இல்லை, வீட்டில் இருக்கின்றது. அதற்கு வேண்டுவது அரிய கருவி எதுவும் அன்று. பன்னிரண்டு மாதப் பொறுமையும், நாள்தோறும் நீட்டும் ஒரு கையுமே ஆகும்.