நேர்மட்டை பிறந்த கதை

கிரிக்கெட் ஆட்டத்தில் பந்தை அடிக்காமல் வெறுமனே தடுத்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரரைக் கண்டு நீங்கள் சலித்துக்கொண்டதுண்டா? அந்தத் தடுப்பாட்டத்தைக் கற்றுக்கொள்ள மனிதனுக்குச் சில தலைமுறைகள் ஆயின. அதில் எளிய பௌதிகம் அடங்கியுள்ளது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இங்கிலாந்தில் பந்தைத் தரையோடு உருட்டியே வீசினர். ஆகவே மட்டை ஹாக்கி மட்டையைப் போல் அடியில் வளைந்திருந்தது. பந்து எந்த உயரத்தில் வரும் என்ற ஐயமே இல்லை. தரையை ஒட்டி மட்டையைச் சுழற்றினால் போதும்.

1760-களை ஒட்டி, பந்தைத் தரையில் குத்தி எழச் செய்யும் வீச்சு பரவியது. வளைந்த மட்டை தோற்றது. ஏன்? பந்து எந்தப் பக்கம் வருகிறது என்பது வீச்சாளரின் கையை விட்டதுமே ஓரளவு தெரிந்துவிடும். எவ்வளவு உயரம் எழும் என்பதோ தரையில் பட்ட பின்பே தெரியும். மட்டையைக் கிடையாகப் பிடித்தால் அதன் அகல அளவு உயரத்தை மட்டுமே காக்கலாம். செங்குத்தாகப் பிடித்தால் எல்லா உயரத்தையும் காக்கலாம். இப்படித்தான் நேர்மட்டை பிறந்தது.

மட்டையை அகலமாக்கிவிட்டால் தொல்லை தீராதா? 1771-இல் ஒயிட் என்பவர் விக்கெட்டை முழுதும் மறைக்கும் மட்டையுடன் ஆட வந்தார்! எதிரணியினரான ஹாம்பிள்டன் சங்கத்தார் கொதித்தெழுந்தனர். அகலம் நாலேகால் அங்குலத்துக்கு, அதாவது 10.8 செ.மீ.க்கு, மேற்படக்கூடாது என்ற விதி வந்தது. இன்றும் அதே அளவுதான். விக்கெட்டை விட மட்டை குறுகலானதால், தடுப்பது ஒரு கலையாயிற்று.

நேர்மட்டையில் தேர்ந்தவர் ஹாம்பிள்டனின் ஜான் ஸ்மால். 1775 மே மாதம் லண்டனில் நடந்த ஒரு போட்டியில், வெற்றிக்கு 14 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் கடைசி ஆளாக இறங்கினார். 'லம்பி' ஸ்டீவன்ஸ் வீசிய பந்து மும்முறை அவரைத் தாண்டிச் சென்றது. ஆனால் அக்காலத்தில் குச்சிகள் இரண்டே. பந்து இடைவெளியில் புகுந்து போய்விட்டது! ஸ்மால் வென்றார். நல்ல பந்துக்குப் பலன் இல்லையே என்ற குறை எழுந்து, நடுவில் மூன்றாவது குச்சி வந்தது.

அடுத்த பாடத்தைக் கற்பித்தவர் பார்னம் ஊரில் இஞ்சி ரொட்டி சுட்டு விற்ற ஹாரி ஹால். இடது முழங்கையை உயர்த்திப் பிடி என்று இளைஞர் வில்லியம் பெல்தமுக்குச் சொல்லிக் கொடுத்தார். முழங்கை உயர்ந்தால் மட்டையின் முகம் தரையை நோக்கிச் சாயும்; பட்ட பந்து கீழே போகும்; பிடி கொடுக்க நேராது.

இன்னொன்று, தளர்ந்த பிடி. ஒரு ரப்பர் பந்தைச் சுவரில் எறியுங்கள், வேகமாகத் திரும்பும். கொடியில் தொங்கும் பாயில் எறியுங்கள். பாய் பின்வாங்கும், பந்து காலடியில் விழும். மட்டையும் பந்தோடு சற்றே பின்வாங்கினால், பந்து திரும்பும் வேகம் குறைகிறது. அருகில் நிற்பவர் கைக்கு அது எட்டாது.

1864-இல் தோளுக்கு மேல் கையை உயர்த்தி வீச அனுமதி கிடைத்தது. வேகம் கூடியது, பந்து மேலும் எழும்பியது. ஆயினும் நேர்மட்டை, உயர்ந்த முழங்கை, தளர்ந்த பிடி ஆகிய மூன்றும் மாறவில்லை. அடுத்த முறை ஒருவர் பந்தைத் தடுக்கும்போது, இம்மூன்றும் இருக்கின்றனவா என்று கவனித்துப் பாருங்கள்.