சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் (சுருக்கமாகக் கும்டா) என்பது சென்னைப் பெருநகரப் பகுதியின் பேருந்து, தொடருந்து, மெட்ரோ, சாலை ஆகியவற்றின் திட்டமிடலை ஒருங்கிணைப்பதற்காகத் தமிழ்நாடு அரசு உருவாக்கிய சட்டமுறை அமைப்பு ஆகும். இக்குழுமம் பேருந்தையோ தொடருந்தையோ தானே இயக்குவதில்லை. அவற்றை இயக்கும் நிறுவனங்கள் ஒன்றையொன்று அறிந்து செயற்படச் செய்வதே இதன் பணி.

பின்னணி

சென்னையின் பொதுப் போக்குவரத்து முறைகள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நிறுவனங்களால் தொடங்கப்பட்டவை. கடற்கரை - தாம்பரம் மின்தொடருந்து 1931 இல் ஓடத் தொடங்கியது. புறநகர்த் தொடருந்துகள் இன்று தெற்கு இரயில்வேயின் கீழ் உள்ளன. நகரப் பேருந்துகளுக்காக 1972 இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டது. அதன் வழிவந்ததே மாநகர் போக்குவரத்துக் கழகம். பறக்கும் தொடருந்தின் முதற்பகுதி 1995 இல் கடற்கரை - சேப்பாக்கம் இடையே திறக்கப்பட்டது. மெட்ரோ 2015 சூன் மாதத்தில் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே சேவையைத் தொடங்கியது. சாலைகளோ மாநகராட்சி, மாநில நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் எனப் பலரிடம் பிரிந்து கிடக்கின்றன.

இப்பிரிவினையின் சுமை பயணியின் தலையில் விழுகிறது. பேருந்திலிருந்து இறங்கித் தொடருந்தில் ஏறுபவர் இன்னொரு வரிசையில் நின்று இன்னொரு சீட்டு வாங்க வேண்டியிருந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் தொடருந்தை நீட்டிக்கும் பணி 2008 இல் தொடங்கியது. ஏறத்தாழ 5 கி.மீ. நீளமே கொண்ட அப்பணி, நிலம் கையகப்படுத்துவதில் எழுந்த சிக்கலால் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இழுபட்டது.

2006 ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை உள்ள நகரங்களில் ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் அமைக்கப் பரிந்துரைத்தது.

சட்டமும் காலத்தாழ்ச்சியும்

தமிழ்நாடு சட்டப் பேரவை 2010 இல் இதற்கான சட்டத்தை இயற்றியது. ஆயினும் முதலமைச்சர் தலைமையில் குழுமத்தின் முதற்கூட்டம் 2022 நவம்பரில்தான் நடைபெற்றது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் மெட்ரோவின் முதற்கட்டம் முழுவதும் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது.

தொடக்கச் சட்டத்தில் போக்குவரத்துத் துறை அமைச்சரே தலைவர். பின்னர் செய்த திருத்தத்தால் முதலமைச்சர் தலைவரானார். இது வெறும் பதவி மாற்றம் அன்று. ஒரு துறையின் அமைச்சர் மற்றொரு துறைக்கு ஆணையிட இயலாது. வீட்டுவசதி, நெடுஞ்சாலை, உள்ளாட்சி, காவல் ஆகிய துறைகள் யாவும் கட்டுப்படும் ஒருவர் மாநிலத்தில் முதலமைச்சர் மட்டுமே.

அதிகார வரம்பு

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி இரயில்வே நடுவண் அரசின் பட்டியலிலும், சாலைகள் பெரும்பாலும் மாநிலப் பட்டியலிலும், இயந்திர ஊர்திகள் பொதுப் பட்டியலிலும் உள்ளன. எனவே தெற்கு இரயில்வேயின் பேராளர் குழுமத்தில் இடம்பெற்றாலும், மாநிலச் சட்டத்தைக் காட்டி இரயில்வேயைக் கட்டாயப்படுத்த முடியாது. சென்னை மெட்ரோ நிறுவனம் நடுவண், மாநில அரசுகளின் சமபங்கு நிறுவனம்.

கட்டணத்தில் இச்சிக்கல் தெளிவாகத் தெரியும். பேருந்துக் கட்டணத்தை மாநில அரசும், புறநகர்த் தொடருந்துக் கட்டணத்தை இரயில்வே அமைச்சகமும் முடிவுசெய்கின்றன. மெட்ரோ கட்டணத்தைத் திருத்துவதற்கு 2002 ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் தனிக் குழுவொன்றை வகுத்துள்ளது.

கிளாம்பாக்கம்

ஒருங்கிணைப்பு இல்லாமையின் விளைவுக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் ஆகும். தென் மாவட்டப் பேருந்துகளுக்காகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கட்டிய இம்முனையம் 2023 திசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கடற்கரை - செங்கல்பட்டுத் தொடருந்துப் பாதை இதன் அருகிலேயே செல்கிறது; ஆனால் திறப்பின்போது அங்கு நிலையம் இல்லை. பயணிகள் மூட்டைமுடிச்சுடன் வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் நிலையத்தை நாட வேண்டியிருந்தது. தொடருந்து நிலையப் பணி முனையம் திறந்த பிறகே தொடங்கியது. முனையத்தைக் கட்டியது ஓர் அமைப்பு, பாதை மற்றொன்றின் சொத்து, முன்னுள்ள சாலை வேறொன்றின் பொறுப்பு, நகரப் பேருந்து இன்னொன்றின் கையில். எவரும் தம் கடமையில் தவறினார் என்று கூற இயலாத நிலையிலும் பயணி நடக்க நேர்ந்தது.

பயணச்சீட்டு ஒருங்கிணைப்பு

2023 இல் மெட்ரோவில் அறிமுகமான சிங்காரச் சென்னை அட்டை, 2025 சனவரியில் மாநகரப் பேருந்துகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 2025 செப்டம்பரில், பேருந்து, மெட்ரோ, புறநகர்த் தொடருந்து, தானி ஆகியவற்றை ஒரே இடத்தில் காட்டும் 'சென்னை ஒன்' செயலியை அப்போதைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார்.

ஒரே சீட்டும் ஒரே கட்டணமும் வேறுவேறு என்பது கவனிக்கத்தக்கது. முன்னது மென்பொருளால் இயலும். பின்னதற்கு, வண்டி மாறும்போது குறைந்தபட்சக் கட்டணத்தை மீண்டும் வாங்காதிருக்க நிறுவனங்கள் வருவாயைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அது அரசுகளுக்கிடையிலான உடன்பாடு சார்ந்தது.

எல்லையும் பிற நகரங்களும்

சென்னைப் பெருநகரப் பகுதி 2022 இல் 1,189 சதுர கி.மீ. இலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கப்பட்டதால், திட்டமிட வேண்டிய பரப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கானது. கொச்சியில் இத்தகைய ஆணையம் 2019 ஆம் ஆண்டின் கேரளச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. பெங்களூரில் 2007 இல் அரசாணை மூலம் தோன்றிய அமைப்புக்கு 2022 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1995 இல் அமைந்த சிங்கப்பூரின் தரைவழிப் போக்குவரத்து ஆணையத்துக்கு மத்திய - மாநில அதிகாரப் பிரிவினை என்னும் தடை இல்லை.