கப்பலில் வந்த காய்ச்சல்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர்கள் தெருவில் பாவு நீட்ட முடியாது. தறி கிடக்கும் கூடத்திலேயே வீட்டார் எல்லோரும் அடைந்திருப்பார்கள். பள்ளிக்குப் போன பிள்ளை இருமலோடு திரும்பினால், மூன்றாம் நாள் தொட்டில் குழந்தைக்கும் காய்ச்சல். 'மழையில் நனைந்த வினை' என்பார்கள். மழையின்மீது இப்படிப் பழி போடுவது சரியா? 1957ஆம் ஆண்டின் கதையைப் பார்ப்போம்.

அது கடுங்கோடை. மே 16ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து 'ராஜுலா' என்னும் பயணிகள் கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்களில் சிலருக்குக் காய்ச்சல். சீனாவிலும் ஹாங்காங்கிலும் பரவியிருந்த 'ஆசிய புளூ' இவ்வாறுதான் இந்தியாவில் கால் வைத்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்புளூயன்சா மையம் வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. 1958 பிப்ரவரிக்குள் நம் நாட்டில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கு மேல். இறந்தோர் 1,098 பேர். பதிவேட்டில் ஏறாத வீடுகள் எத்தனையோ! மழையே இல்லாத மாதத்தில் வந்திறங்கிய இந்த நோய் மனிதரின் மூச்சிலும் தும்மலிலும் பயணம் செய்தது.

முன்பு புளூ கண்டவர்களையும் அது விடவில்லை. காரணம் உண்டு. வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் இரண்டு முக்கியப் புரதங்களைக் கொண்டுதான் நம் உடல் அதை அடையாளம் காண்கிறது. மனித வைரஸும் பறவை வைரஸும் கலந்ததால் அவ்விரண்டுமே 1957இல் மாறிவிட்டன. இத்தகைய பெரும் மாற்றம் அபூர்வம். சிறு மாற்றங்களோ ஓயாமல் நடக்கின்றன. அதனால்தான் சென்ற ஆண்டு போட்ட ஊசி இவ்வாண்டுக்குப் போதாது.

மழைக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. டில்லியில் புளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சமடையும். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபருக்குப் பிறகு. காஞ்சிபுரம் இவ்விரு ஊர்களுக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே ஆவணி, புரட்டாசியிலேயே ஊசி போட்டுவிடுவது நல்லது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குப் போடலாம். முதல் தடவையானால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள். அதற்கும் சிறிய சிசுவுக்கு, தாய் கர்ப்பகாலத்தில் போட்டுக்கொண்ட ஊசியே காவல். தறிக்கூலியில் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறு செலவன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

செலவில்லாதவையும் உண்டு: சன்னலைத் திறந்து வைத்தல், சோப்பால் கை கழுவுதல், இருமுகிற பிள்ளையைத் தொட்டிலருகே விடாதிருத்தல். புளூ கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் மாத்திரை கூடவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய கோளாறு வரக்கூடும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாலோ, கஷாயத்தில் ஒரு நாளைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.