மூன்று பொத்தான்கள்

2003-இல் பாளையங்கோட்டையில் ப்ரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றையும் சுற்றி ஆள் உயர ப்ளைவுட் மறைப்பு. ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் மெயிலை லாக் அவுட் பண்ணாமல் எழுந்து போய்விட்டாள். அடுத்து உட்கார்ந்த பையன் அதைப் படித்துக்கொண்டிருந்தான். நான் போய் மூடுவதற்குள் எவ்வளவு படித்தானோ! இன்றைக்கும் அது உறுத்துகிறது. அன்றிலிருந்து ஒவ்வொருவரும் எழுந்ததும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-இல் மூன்று பொத்தான்களை அழுத்துவேன்: குக்கியை அழி, ஃபைலை அழி, ஹிஸ்டரியை அழி.

என் மெஷினை மட்டும்தான் துடைத்திருக்கிறேன் என்பது பின்னால்தான் புரிந்தது.

குக்கியை 1994-இல் உருவாக்கியவர் நெட்ஸ்கேப் ப்ரௌசர் கம்பெனியில் இருந்த லூ மாண்டுல்லி. இணையக் கடையில் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கம் போனதும் காணாமல் போகக்கூடாது. அதற்காகத் தளம் உங்கள் கம்ப்யூட்டரில் எழுதிவைக்கும் சிறு குறிப்பு அது. ஆனால் செய்திப் பக்கத்தில் தெரியும் விளம்பரப் படம் வேறொரு கம்பெனியிலிருந்து வருகிறது. அதுவும் ஒரு குக்கி வைக்கலாம். அதே கம்பெனியின் படம் மருந்துத் தளத்திலும் வேலைவாய்ப்புத் தளத்திலும் இருந்தால், மூன்று இடத்துக்கும் வந்தது ஒரே ஆள் என்று அதற்குத் தெரிந்துவிடும். அந்தக் கணக்கு இருப்பது அவர்கள் மெஷினில்; என் மெஷினில் குக்கியை அழித்தாலும் அது போகாது.

இந்த ஆபத்தை அப்போதே கண்டுகொண்டார்கள். 1997 பிப்ரவரியில் டேவிட் கிறிஸ்டலும் மாண்டுல்லியும் எழுதிய ஆர்.எஃப்.சி. 2109 என்ற இணையத் தர ஆவணம், இப்படி மூன்றாமவர் வைக்கும் குக்கியை ப்ரௌசர் தானாக ஏற்கக் கூடாது, வேண்டுமென்றால் பயனரே திறந்துகொள்ளட்டும் என்றது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அப்படிச் செய்யவில்லை. என் கோபமெல்லாம் அந்த ஒரு முடிவின் மேல்தான். அவர்கள் திறந்துவிட்ட கதவை யார் யாரோ கையால் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2002-இல் டென்மார்க்கின் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சன், விளம்பரத்தைத் தடுக்கும் ஆட்பிளாக் எக்ஸ்டென்ஷனை எழுதினார். 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 ப்ரௌசர் வந்ததும் இரண்டையும் ஆறு மெஷினிலும் போட்டேன். 2014-இல் ரேமண்ட் ஹில் யூபிளாக் எழுதினார்; பின்னால் அதையே யூபிளாக் ஆரிஜின் என்ற பெயரில் தொடர்ந்தார். அது விளம்பரக் கம்பெனிக்குக் கோரிக்கையே போகவிடாது. போகாத இடத்திலிருந்து குக்கி எப்படி வரும்? அதற்கு அவர் நன்கொடைகூட வாங்குவதில்லை.

2011-இல் சைபர் கஃபே விதிகள் வந்தன. மறைப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது; யார் எந்தத் தளம் பார்த்தார் என்பதை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். ஆசாரியை வரவழைத்து ப்ளைவுட்டை அறுத்தோம். தினமும் அழித்த கையால் சேமிக்க மனம் வரவில்லை. மறு வருஷம் கடையை மூடிவிட்டேன்.

சஃபாரி 2020-இல் மூன்றாமவர் குக்கியை முழுதாக அடைத்தது. இரண்டு ஆண்டில் நிறுத்துவதாக அதே ஆண்டு சொன்ன குரோம், 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதோடு தன் எக்ஸ்டென்ஷன் விதிகளையும் மாற்றி, யூபிளாக் ஆரிஜினை வெளியேற்றியது.

போன வாரம் தங்கை மகளின் ஆண்ட்ராய்டு போனில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, யூபிளாக் ஆரிஜினையும் சேர்த்தேன்.

“இன்னும் நாலு போடலாமா மாமா?”

“வேண்டாம்மா. இந்த மாதிரி எக்ஸ்டென்ஷன் பலவும் நீ பார்க்கிற எல்லாப் பக்கத்தையும் படிக்க அனுமதி கேட்கும். எழுதினவர் யாரென்று தெரியாமல் கொடுக்காதே.”

ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தாள். தடுத்தவற்றின் எண்ணிக்கையைக் காட்டினேன்: 31. ஒரே ஒரு செய்திதான் படித்திருந்தாள்.