சாரா ஹாரிஸ் கேட்ட இடம்

பெண்கல்விக்கு எதிர்ப்பு என்றதும் நமக்குச் சாவித்திரிபாய் மீது வீசப்பட்ட சாணிதான் நினைவுக்கு வரும். நான் எழுதப்போவது வேறு மாதிரியான ஓர் ஊரைப் பற்றி. தன் பெண்பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று விரும்பிய ஊர். அதற்காக ஒரு டீச்சரைத் தேடிப்போய் அழைத்துவந்த ஊர். இரண்டே ஆண்டுகளில் அதே டீச்சரின் கிணற்றில் எருவைக் கொட்டிய ஊரும் அதுதான்.

அமெரிக்காவின் வடகிழக்கில், கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறது கான்டர்பரி. 1831இல் அங்கிருந்த வசதியான குடும்பங்கள் புரூடன்ஸ் கிராண்டல் என்ற ஆசிரியையைத் தங்கள் ஊரில் பள்ளி தொடங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டன. கிராண்டல் 1803இல் பிறந்தவர், திருமணமாகாதவர், பக்கத்து ஊரான பிளெயின்ஃபீல்டில் பாடம் நடத்திப் பெயர் வாங்கியவர். குவேக்கர் குடும்பம். வழிபாட்டுக் கூட்டத்தில் பெண் எழுந்து பேசலாம் என்று அந்தக் காலத்திலேயே ஒப்புக்கொண்ட கிறித்துவப் பிரிவு அது. அதனால் அவருக்கு நல்ல பள்ளிப்படிப்பு கிடைத்திருந்தது. ஊர் நடுவில் இருந்த பெரிய வீடு ஒன்றைக் கடன் வைத்துத் தன் பெயரிலேயே வாங்கி, பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். மணமாகாதவர் என்பதால்தான் அந்தச் சொத்து அவர் கையில் நின்றது. மணமான பெண்ணின் உடைமை கணவனுக்குப் போய்விடும் என்பது அன்றைய சட்டம். இந்த விவரத்துக்குப் பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஓராண்டு எல்லாம் நன்றாகவே போனது. 1832 இலையுதிர்காலத்தில் சாரா ஹாரிஸ் வந்து ஓர் இடம் கேட்டார். வயது இருபது. கறுப்பினப் பெண். தந்தை அடிமை அல்லர். சொந்தமாக விவசாயம் செய்தவர். சாரா அந்தப் பள்ளியின் வெள்ளை மாணவிகள் சிலரோடு ஏற்கெனவே ஊர்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்தான். எனவே அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்ததில் மாணவிகளுக்கு அதிர்ச்சி எதுவுமில்லை. அதிர்ச்சி பெற்றோருக்கு. சாரா சொன்ன காரணத்தைப் பாருங்கள்: இன்னும் கொஞ்சம் படித்துக்கொண்டால் தன் இனத்துக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், அதற்காகத்தான் வருகிறேன் என்றார். டீச்சராக வேண்டும் என்றுதான் கேட்டார்.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண்களிடம் என்னவாகப் போகிறீர்கள் என்று கேட்டால் இன்றும் முதலில் வரும் பதில் இதுதான். அதைக் கேட்டு லேசாகச் சிரிக்கும் பேராசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு கனவே கிடையாதா இவர்களுக்கு என்று கேட்பார்கள். 1832இல் கான்டர்பரியில் யாரும் சிரிக்கவில்லை. அந்த விருப்பத்தின் கனம் அவர்களுக்குப் புரிந்திருந்தது. படித்த கறுப்பினப் பெண் ஒருத்தி என்றால் ஒருத்தி. டீச்சரான கறுப்பினப் பெண் என்றால் அவள் பின்னால் எத்தனை பேர் என்று யார் எண்ணுவது?

வழக்கமாக இந்த வரலாறு கிராண்டலின் துணிச்சலில் தொடங்குகிறது. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. கிராண்டலின் வீட்டில் வேலைக்கு உதவியாக இருந்தவர் மரையா டேவிஸ் என்ற கறுப்பினப் பெண். வேலை இல்லாத நேரத்தில் வகுப்பில் வந்து உட்காருவார். சாராவின் அண்ணனை மணக்க இருந்தவர். அடிமைமுறையை உடனே ஒழிக்கக் கோரிய 'லிபரேட்டர்' இதழைக் கிராண்டல் படிக்க நேர்ந்தது மரையாவால்தான். சாராவின் தந்தை அந்த இதழின் முகவர். ஆக, பள்ளியின் கதவை வெளியிலிருந்து இருவர் தட்டினார்கள், உள்ளிருந்து ஒருவர் திறந்தார் என்பதே சரியான விவரிப்பு. திறந்தது சிறிய செயல் அல்ல. சாராவை நிறுத்தாவிட்டால் பள்ளி மூழ்கிவிடும் என்று ஒரு பாதிரியாரின் மனைவி வந்து எச்சரித்தபோது, மூழ்கினால் மூழ்கட்டும், அவளை அனுப்ப மாட்டேன் என்றார் கிராண்டல். பெற்றோர் தங்கள் பெண்களை நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் ஊரை மூச்சடைக்க வைத்தது. 'லிபரேட்டர்' ஆசிரியர் கேரிசனைக் கலந்து பேசிவிட்டு, 1833 மார்ச்சில் அதே இதழில் விளம்பரம் கொடுத்தார். ஏப்ரல் முதல் தன் பள்ளி கறுப்பினப் பெண்களுக்கானது. காலாண்டுக் கட்டணம் 25 டாலர், பாதி முன்பணம். பாடங்கள்: வாசிப்பு, எழுத்து, கணக்கு, இலக்கணம், புவியியல், வரலாறு, தத்துவம், வேதியியல், வானியல், ஓவியம், பியானோ, பிரெஞ்சு. தையல் இல்லை, சமையல் இல்லை. அந்தப் பெண்களை விளம்பரம் 'லேடி' என்றும் 'மிஸ்' என்றும் குறித்தது. நம் பள்ளிகளில் 'மிஸ்' என்றால் டீச்சர். அங்கே அது மரியாதையான வீட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல். வெள்ளைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவைத்திருந்த சொல்லை அச்சில் இன்னொருவருக்குக் கொடுத்ததே கான்டர்பரிக்குப் போதுமான அவமதிப்பாக இருந்தது.

இது அடிமைமுறை தழைத்திருந்த தென்மாநிலம் அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். கனெக்டிகட் 1784இலேயே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் இயற்றிய வடமாநிலம். ஆனால் அதே மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் 1831இல் கறுப்பின ஆண்களுக்கு ஒரு கல்லூரி தொடங்கும் யோசனை வந்தபோது, ஊர்க்கூட்டத்தில் எதிர்ப்பு 700, ஆதரவு 4. அடிமையாக வைத்திருப்பது தவறு என்று சொல்வது ஒன்று, பக்கத்து வீட்டில் படிக்க விடுவது வேறொன்று. சேரியில் பள்ளிக்கூடம் கட்ட நன்கொடை கொடுத்துவிட்டு, தன் தெருப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காருவதை மறுத்தவர்களை நமக்கும் தெரியும்.

பக்கத்து வீடு என்றது வெறும் உவமை அல்ல. கிராண்டலின் பக்கத்து வீட்டுக்காரர் ஆண்ட்ரூ ஜட்சன் என்ற வழக்கறிஞர். எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் அவரே. கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கே அனுப்பிவிட வேண்டும் என்ற இயக்கத்தின் ஆதரவாளர். 1833 மார்ச் 9 அன்று ஊர்க்கூட்டம் தேவாலயத்தில் கூடியது. பேசப்படுவது கிராண்டலின் வீடு, கிராண்டலின் பள்ளி. ஆனால் பெண் என்பதால் அவர் அங்கே எழுந்து பேச முடியாது. தன் சார்பாகப் பேச சாமுவேல் மே என்ற பாதிரியாரையும் ஆர்னால்ட் பஃபமையும் அனுப்பினார். அவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று சொல்லி அவர்களையும் பேச விடவில்லை. பள்ளியை ஊருக்கு வெளியே எங்காவது மாற்றிக்கொள்ள அவர் தயார் என்ற செய்தியோடுதான் அவர்கள் போயிருந்தார்கள். அதைக் கேட்க யாருமில்லை.

பாஸ்டன், பிராவிடன்ஸ், நியூயார்க், பிலடெல்பியா என்று பல ஊர்களிலிருந்து ஏறத்தாழ இருபது பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கடைக்காரர்கள் பொருள் விற்க மறுத்தார்கள். மருத்துவர்கள் வர மறுத்தார்கள். தேவாலயத்தில் இடமில்லை என்றார்கள். கிணற்றில் எரு விழுந்தது. பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் தர ஆளில்லை. கிராண்டலின் தந்தை தன் பண்ணையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஒரு நகரத்துப் பெண், பதினாறு பதினேழு வயதில், காலையில் முகம் கழுவும் தண்ணீருக்காக இப்படிக் காத்திருந்துவிட்டுப் பிறகு பிரெஞ்சு இலக்கணத்தைத் திறந்திருக்கிறாள்.

அந்தப் பெண்களில் ஒருவர் பெயர் ஆன் எலைசா ஹாமண்ட். பதினேழு வயது, பிராவிடன்ஸிலிருந்து வந்தவர். வெளியூரிலிருந்து வந்து தங்கும் ஏழைகளை விரட்டப் பயன்பட்ட ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து அவர் மீது பாய்ச்சினார்கள். அபராதம் கட்ட வேண்டும், அல்லது ஊரை விட்டுப் போக வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வெற்றுடம்பில் சவுக்கடி. பத்து அடிவரை கொடுக்கலாம். சாமுவேல் மே பிணை கொடுக்க ஏற்பாடு செய்தார். அப்படியும் அவர்கள் விடாவிட்டால் அடியை வாங்கிக்கொள், அது நம் நோக்கத்துக்கு உதவும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னதை அவரே பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆன் எலைசா அதற்கும் தயாராக இருந்தாராம். தண்டனை நிறைவேறவில்லை. ஆனாலும் இந்த இடத்தை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. மே நல்லவர், கடைசிவரை உடன் நின்றவர். இருந்தாலும் யாருடைய முதுகைப் பற்றி யார் முடிவு செய்வது? இயக்கங்களின் வரலாற்றில் இந்தக் கேள்வியை நாம் போதுமான அளவு கேட்கவில்லை.

பழைய சட்டம் பயன்படவில்லை என்றதும் புதிய சட்டம் பிறந்தது. 1833 மே 24 அன்று கனெக்டிகட் சட்டமன்றம், வெளிமாநிலக் கறுப்பினத்தவருக்குக் கல்வி கற்பிக்க ஊர் நிர்வாகிகளின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்றது. 'கறுப்புச் சட்டம்' என்று வரலாறு அதற்குப் பெயரிட்டிருக்கிறது. கான்டர்பரியில் தேவாலய மணி அடித்தார்கள், பீரங்கி வெடித்தார்கள். ஜூன் 27 அன்று கிராண்டலைக் கைது செய்தார்கள். யாராவது ஜாமீன் கட்டிவிடுவார்கள், நாம் ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பிய பழி வராது என்று வழக்குத் தொடுத்தவர்கள் நம்பியிருந்தார்கள். நண்பர்கள் வேண்டுமென்றே கட்டவில்லை. கிராண்டலுக்கும் அதில் முழுச் சம்மதம். சிறையில் போடாமல் விட்டுவிடுவார்களோ என்பதுதான் அவர் பயமாக இருந்தது. ஒரு கொலைக் கைதி இருந்த அறையில் ஓர் இரவு இருந்தார். அது நாடு முழுக்கச் செய்தியானது. ஆன் எலைசாவின் விஷயத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இங்கே முடிவு அவருடையதாக இருந்தது.

வழக்கு மூன்று கட்டமாக நடந்தது. ஆகஸ்டில் நடந்த முதல் விசாரணையில், டீச்சருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மாணவிகள் சிலர் மறுத்தார்கள். பதில் சொன்னால் எங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் என்றார்கள். சட்டம் படித்தவர்கள் பேசும் வாதம் அது. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அக்டோபரில் நீதிபதி டேவிட் டாகெட், கறுப்பினத்தவர் அரசியல் சாசனத்தின் பொருளில் குடிமக்களே அல்லர் என்று ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னார். நியூ ஹேவன் கல்லூரியை எதிர்த்து நின்றவரும் இவரே. கிராண்டல் குற்றவாளி ஆனார். 1834 ஜூலையில் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு தள்ளுபடியானது, குற்றப்பத்திரிகையில் இருந்த ஒரு குறைபாட்டைக் காட்டி. குடிமக்களா இல்லையா என்ற கேள்விக்கு மேல்நீதிமன்றம் பதில் சொல்லாமல் நழுவிவிட்டது. அந்த மௌனத்துக்கு விலை இருந்தது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, டாகெட் இங்கே சொன்னதைத் தனக்குத் துணைக்கு எடுத்துக்கொண்டது. ஒரு சிறிய ஊர்ப் பள்ளியின் வழக்கு ஓர் உள்நாட்டுப் போருக்கான பாதையில் ஒரு கல்லாகக் கிடக்கிறது.

நீதிமன்றத்தில் முடியாததை இரும்புத்தடி முடித்தது. அந்த ஆண்டு தொடக்கத்திலேயே பள்ளிக்கு ஒருமுறை தீ வைக்கப்பட்டிருந்தது. அன்று அங்கே கடிகாரம் பழுதுபார்க்க வந்திருந்த ஒரு கறுப்பினத்தவர் மீதே அந்தப் பழியைப் போட்டார்கள். அவர் பிறகு விடுதலையானார். செப்டம்பர் 9 நள்ளிரவில் ஒரு கும்பல் வந்து வீட்டைச் சூழ்ந்துகொண்டு சன்னல்களை நொறுக்கியது. உள்ளே பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கிராண்டல் பள்ளியை மூடினார். ஏறத்தாழ பதினேழு மாதம் தாக்குப்பிடித்த பள்ளி அது. அந்தச் சட்டத்தை 1838இல் நீக்கினார்கள்.

சன்னல்கள் உடைவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஆகஸ்டில், கிராண்டல் கால்வின் ஃபிலியோ என்ற பாதிரியாரை மணந்திருந்தார். ஊர் முழுக்கச் சேர்ந்தும் வளைக்க முடியாத பெண் அவர். கிழவியான பிறகு கன்சாஸில் தன்னைக் காண வந்த ஒருவரிடம் தன் வாழ்க்கையே எதிர்ப்பின் வரலாறுதான் என்று சொல்லத் தொடங்கி, அந்தப் பட்டியலில் கணவரையும் சேர்த்தார். தான் படிக்கும் புத்தகங்களை மனைவி படிக்கக் கூடாது என்று ஃபிலியோ தடுத்தாராம். ஆனாலும் படித்தேன் என்றார் கிராண்டல். வானியலும் வேதியியலும் நடத்திய டீச்சர், சொந்த வீட்டில் தடையை மீறிப் படித்திருக்கிறார். சட்டமன்றம் போட்ட தடையைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்திருக்கின்றன. இந்தத் தடையைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1886இல் கனெக்டிகட் அவருக்கு ஆண்டுக்கு 400 டாலர் ஓய்வூதியம் வழங்கியது. அங்கே குடியிருந்த மார்க் ட்வைன் அதற்கு ஆதரவு தந்தார். நான்கு ஆண்டுகள் அதைப் பெற்றுவிட்டுக் கிராண்டல் இறந்தார். ஜட்சன் கூட்டாட்சி நீதிபதியாகி, 'அமிஸ்டாட்' கப்பலில் கிளர்ச்சி செய்த ஆப்பிரிக்கர்களைச் சொந்த மண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று 1840இல் தீர்ப்பளித்துப் பேர் வாங்கினார். அவருடைய பழைய கொள்கைக்கும் அது ஒத்துப்போனதுதான்.

சாரா ஹாரிஸ் 1833இலேயே கறுப்பினக் கொல்லர் ஒருவரை மணந்தார். முதல் மகளுக்குப் புரூடன்ஸ் கிராண்டல் என்று பெயர் வைத்தார். ரோட் ஐலண்டில் அவர்கள் வீடு அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் கூடும் இடமாக இருந்தது. பள்ளியில் அவரோடு படித்த தங்கை மேரி, போருக்குப் பின் லூசியானாவில் ஆசிரியையானார்.

ஜூலியா வில்லியம்ஸ் என்று இன்னொரு மாணவி. கான்டர்பரியில் பள்ளி மூடியதும், கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொண்ட நியூ ஹாம்ப்ஷயரின் நோய்ஸ் அகாடமிக்குப் போனார். 1835 ஆகஸ்டில் அந்த ஊர் ஆண்கள் மாடுகளைப் பூட்டி, பள்ளிக் கட்டடத்தையே அடித்தளத்திலிருந்து பெயர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஜூலியா அதன் பிறகும் படித்தார். பாஸ்டனில் டீச்சராக வேலை பார்த்தார். பின்னர் ஜமைக்காவுக்குப் போய் அங்கே பெண்களுக்கான ஒரு தொழிற்பள்ளியைத் தலைமையேற்று நடத்தினார்.