நான்கு குரல்களில் ஒரு பச்சை மனிதன்

1966 பிப்ரவரியில் கல்கத்தா வானொலி ஒரு புதுமையான நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. ‘சபுஜ் மானுஷ்’ என்பது அதன் பெயர். பச்சை மனிதன் என்று பொருள். தலைப்பு ஒன்று, கதைகள் நான்கு. எழுதியவர்கள் பிரேமேந்திர மித்ரா, அத்ரீஷ் பர்தன், திலீப் ராய்சௌதுரி, சத்யஜித் ராய். ஒரே பொருளை எடுத்துக்கொண்டு நால்வரும் தத்தம் போக்கில் கற்பனை செய்தனர்.

இந்நால்வரையும் பிணைப்பதற்கு வெளிப்படையான காரணம் எதுவும் அக்காலத்தில் இல்லை. மித்ரா அறுபதைக் கடந்தவர். சாகித்திய அகாதெமி விருது பெற்ற கவிஞர். ராய் உலகறிந்த திரைப்பட இயக்குநர். ராய்சௌதுரி அறிவியலைத் தொழிலாகக் கொண்டவர். பர்தன் முப்பத்து மூன்று வயது இளைஞர். ஒரு சிறு மாத இதழை நடத்திவந்தார். வயதும் புகழும் தொழிலும் வேறுபட்ட இவர்களை ஒரே ஒலிவாங்கியின் முன் கொண்டுவந்தது அந்தச் சிறு இதழே என்பதுதான் இவ்வரலாற்றின் மையம்.

அறிவியல் புனைகதை வங்காளத்திற்குப் புதிதன்று. 1896-இல் ‘குந்தளின்’ என்னும் கூந்தல் தைலத்தின் உற்பத்தியாளர் நடத்திய கதைப் போட்டிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு கதை எழுதினார். கடலில் எழுந்த புயலை ஒரு புட்டித் தைலம் அடக்கிவிடுவதாக அக்கதை அமைந்தது. 1905-இல் ரொக்கையா சகாவத் ஹொசைன் ‘சுல்தானாவின் கனவு’ என்னும் கதையை ஆங்கிலத்தில் எழுதினார். சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பயன்படுத்தும் பெண்களின் நாட்டைப் பற்றிய அக்கதை வெளியானது கல்கத்தாவில் அன்று. கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில். 1945-இல் பிரேமேந்திர மித்ரா ‘கனாதா’ என்னும் பாத்திரத்தைப் படைத்தார். கல்கத்தா விடுதி ஒன்றில் அமர்ந்தபடி உலகையே காப்பாற்றிய கதைகளை அளந்துவிடும் அந்த மனிதரை வங்காள வாசகர் இன்றும் மறக்கவில்லை. 1961-இல், புத்துயிர் பெற்ற தம் குடும்ப இதழான ‘சந்தேஷ்’ இதழில் ராய் ‘பேராசிரியர் ஷோங்கு’ கதைகளைத் தொடங்கினார்.

ஆக, எழுத்தாளர்கள் இருந்தனர், கதைகளும் இருந்தன. இல்லாதது ஒன்றே. தாங்கள் ஒரே துறையில் உழைப்பவர்கள் என்னும் உணர்வு அவர்களிடையே உருவாகவில்லை. அவர்களது கதைகள் பெரும்பாலும் சிறுவர் இதழ்களில், பேய்க்கதைக்கும் துப்பறியும் கதைக்கும் இடையில் அச்சாயின. அவ்வகை எழுத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு பெயர்கூட வங்க மொழியில் நிலைபெறவில்லை. பெயரில்லாத ஒன்றைப் பற்றி விவாதிக்க முடியாது. அதன் பொருட்டுக் கூடவும் முடியாது.

1963 ஜனவரியில் அத்ரீஷ் பர்தன் ‘ஆஷ்சர்ஜோ!’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். தமிழில் ஆச்சரியம் என்று வழங்கும் அதே சொல்தான். வியப்புக்குறியும் பெயரின் பகுதியே. அறிவியல் புனைவுக்கு மட்டுமே உரிய இதழ் என்ற வகையில் இந்தியாவில் அதுவே முன்னோடி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆசிரியர் பெயராக அச்சானது ‘ஆகாஷ் சென்’. அது பர்தனின் புனைபெயர். ஆசிரியர், பதிப்பாளர், மொழிபெயர்ப்பாளர், கதாசிரியர் என்னும் நான்கு பொறுப்புகளையும் பெரும்பாலும் அவரே சுமந்தார். ‘கல்பவிஞ்ஞான்’ என்னும் சொல்லை வங்க மொழிக்கு வழங்கியவரும் அவரே எனக் கருதப்படுகிறது. கற்பனையையும் அறிவியலையும் ஒரே சொல்லில் இணைத்ததோடு, அதுவரை சிதறிக் கிடந்த எழுத்துகளுக்கு அது ஒரு முகவரியும் தந்தது.

இதழ் என்பது கதைகளை அச்சிடும் தாள்கட்டு மட்டுமன்று. மாதந்தோறும் குறித்த நாளில் வெளிவர வேண்டிய கட்டாயம் ஆசிரியரை எழுத்தாளர்களின் வீட்டு வாசலுக்கு அனுப்புகிறது. எழுதாதிருப்பவரை எழுதவைக்கிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கும் வாய்ப்பை உண்டாக்குகிறது. ‘ஆஷ்சர்ஜோ!’ செய்ததும் இதையே. மித்ரா, ராய் போன்ற மூத்தோர் அதற்குத் துணைநின்றனர். ராய்சௌதுரி, ரணேன் கோஷ், பஞ்சாபியரான குர்னேக் சிங் முதலியோர் அதன் பக்கங்களில் வங்க மொழியில் எழுதினர். மேலை நாட்டுக் கதைகளின் மொழியாக்கங்களும் அவற்றுக்கு அருகிலேயே இடம்பெற்றதால், தம் கதையை உலகத் தரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் இளையோர்க்குக் கிட்டியது.

1966-இல் இவ்வட்டம் இதழுக்கு வெளியேயும் விரிந்தது. அறிவியல் புனைவுத் திரைப்படங்களைத் திரையிடுவதற்கென்று கல்கத்தாவில் ஒரு திரைப்படக் கழகம் நிறுவப்பட்டது. ராய் தலைவர், மித்ரா துணைத் தலைவர், பர்தன் செயலாளர். கழகத்தின் சின்னத்தை ராயே வரைந்தார். இதழின் வழியாகப் பெயரளவில் மட்டும் அறிமுகமாகியிருந்த எழுத்தாளரும் வாசகரும் ஒரே அரங்கில் அருகருகே அமர்ந்தனர். வானொலியில் பச்சை மனிதன் தோன்றியதும் அதே ஆண்டில்தான்.

ஒரே வகை எழுத்து என்பதால் இவர்கள் ஒரே மாதிரி எழுதினர் என்று கொள்ளலாகாது. மித்ராவின் கனாதா சொல்வன புளுகு. ஆனால் அப்புளுகுக்குள் புவியியலும் வரலாறும் வேதியியலும் பிழையின்றிப் பொதிந்திருக்கும். ராயின் ஷோங்கு நாட்குறிப்பு எழுதும் தனிமையான அறிஞர். அவரது கண்டுபிடிப்புகள் ஆய்வகத்தைவிட மந்திரக்கதைக்கு நெருக்கமானவை. பர்தனின் பேராசிரியர் ‘நட்பல்ட்டு சக்கர’ பெயரிலேயே நகைச்சுவையை ஏந்தியவர். நட்டும் போல்ட்டும் சேர்ந்த பெயர் அது. அறிவியல் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்னும் கேள்விக்கு இவர்கள் ஒவ்வொருவரின் எழுத்தும் வெவ்வேறு விடை தந்தது. அவர்களைச் சேர்த்து வைத்தது கருத்தொற்றுமை அன்று. ஒரே கேள்வியை முக்கியமாகக் கருதியமையே அவர்களைச் சேர்த்தது. ‘சபுஜ் மானுஷ்’ என்னும் ஒரே தலைப்பின் கீழ் நான்கு தனிக்கதைகள் நின்றதன் பொருளும் இதுதான்.

ஆயினும் அவ்வட்டத்தின் அடித்தளம் மிக ஒடுக்கமானது. ராய்சௌதுரி இளம் வயதிலேயே மறைந்தார். திரைப்படக் கழகம் நெடுநாள் நீடிக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் பர்தனின் மனைவி காலமானார். கைக்குழந்தையோடு தனித்து நின்ற அவரால் இதழைத் தொடர முடியவில்லை. 1972-இல் ‘ஆஷ்சர்ஜோ!’ நின்றுபோனது. வாசகர் கைவிட்டதால் நின்ற இதழ்கள் உண்டு. அரசு தடைசெய்ததால் நின்ற இதழ்களும் உண்டு. இது ஒரு வீட்டில் விளக்கணைந்ததால் நின்ற இதழ். பத்தாண்டு காலம் ஒரு மொழியின் எழுத்தாளர்கள் கூடியிருந்த கூடம், உண்மையில் ஒரே மனிதரின் தோள்மீது நின்றிருந்தது என்பதை அப்போதுதான் பலரும் உணர்ந்திருக்க வேண்டும்.

அவ்வாண்டுகளில் நாட்டின் மேற்குக் கரையில் வேறொரு முறை வேரூன்றிக் கொண்டிருந்தது. கல்கத்தாவில் திரைப்படக் கழகம் தோன்றிய அதே 1966-இல், அறிவியலைத் தாய்மொழியில் பரப்பும் நோக்கோடு பம்பாயில் மராத்தி விஞ்ஞான் பரிஷத் நிறுவப்பட்டது. அது அறிவியல் சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. 1974-இல் அப்போட்டிக்கு ‘கிருஷ்ணவிவர்’, அதாவது கருந்துளை, என்னும் கதை வந்து சேர்ந்தது. எழுதியவர் பெயர் நாராயண் விநாயக் ஜக்தாப். முதற்பரிசு அதற்கே கிடைத்தது. அதன் பிறகே, எழுதியவர் வானியற்பியலாளர் ஜயந்த் விஷ்ணு நார்லிக்கர் என்பது தெரியவந்தது. தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி அப்புனைபெயரை அவர் அமைத்திருந்தார். புகழ்பெற்ற பெயர் நடுவர்களின் முடிவைச் சாய்த்துவிடக் கூடாது என்பது அவரது எண்ணம். 1975-இல் கராடில் கூடிய மராத்தி இலக்கிய மாநாட்டின் தலைவர் துர்கா பாகவத் அவரது எழுத்தைப் பாராட்டினார். பால் போண்டகே, லக்ஷ்மண் லோந்தே, நிரஞ்சன் காட்டே, சுபோத் ஜாவ்டேகர் என்று மராத்தியில் ஒரு வரிசையே உருவாயிற்று. 2021-இல் நாசிக்கில் நடந்த அனைத்திந்திய மராத்தி இலக்கிய மாநாட்டுக்கு நார்லிக்கரே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இரு நகரங்களின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஓர் உண்மை புலப்படும். பம்பாயின் வலிமை நிறுவனம். ஒருவர் விலகினாலும் போட்டி தொடரும். ஆண்டுதோறும் புதிய கை ஒன்று எழுதத் துணியும். கல்கத்தாவின் வலிமை நட்பு. போட்டி தரவரிசை வகுக்கும்; நட்பு வரிசை வகுப்பதில்லை. அறுபது வயதுக் கவிஞரையும் முப்பது வயது இதழாசிரியரையும் ஒரே தலைப்பில் சமமாக எழுதவைப்பது நட்பினால் மட்டுமே இயலும். ஆனால் அந்நட்பைத் தாங்கும் நிறுவனம் ஒன்று இருந்திருந்தால், ஒரு குடும்பத் துயரம் ஓர் இலக்கிய வட்டத்தின் முடிவாகியிருக்காது.

முடிவு என்பதும் முழு உண்மை அன்று. 1975-இல் பர்தன் ‘ஃபென்டாஸ்டிக்’ என்னும் புதிய இதழோடு மீண்டும் வந்தார், ‘ஆஷ்சர்ஜோ!’ வழியாக அறிமுகமான ரணேன் கோஷ் உடனிருந்தார். மொழி எல்லைகளைக் கடந்த சந்திப்புக்கும் காலம் கனிந்தது. 1993-இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட அறிவியல் புனைகதைத் தொகுப்பொன்றைப் பதிப்பித்தவர் மராத்தி எழுத்தாளர் பால் போண்டகே. பல இந்திய மொழிக் கதைகள் ஆங்கிலத்தில் ஒன்றுகூடிய அந்நூலில் தமிழிலிருந்து சுஜாதாவின் கதையும் இடம்பெற்றது. தனக்கென ஓர் இதழோ கழகமோ இன்றி, வெகுமக்கள் வார இதழ்களின் வழியாகவே அறிவியல் புனைவைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசென்றவர் சுஜாதா. அண்டை மொழிகளில் தம்மைப் போன்றோர் இருப்பதை அத்தகைய எழுத்தாளர்கள் அறிந்துகொள்ள இவ்வகைத் தொகுப்பே வழி. 1998-இல் அறிவியல் புனைகதை ஆய்வுக்கான இந்தியச் சங்கம் வேலூரில் தொடங்கப்பட்டது.

2016-இல் கல்கத்தாவின் இளைய எழுத்தாளர் சிலர் ‘கல்பவிஸ்வ’ என்னும் இதழைத் தொடங்கினர். பர்தனையும் அவரது காலத்தையும் அவர்கள் தம் முன்னோராக ஏற்றனர். மறக்கப்பட்டிருந்த பழைய கதைகளுக்கு மறுவாழ்வு தந்தனர். 2019 மே மாதம் தம் எண்பத்தாறாம் வயதில் பர்தன் காலமானபோது, அவர் நடத்திய இதழ் நின்று நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் தோள்மீது நின்ற கூடம் எப்போதோ சரிந்துவிட்டது. அவர் வழங்கிய சொல் சரியவில்லை. அவருக்குப் பின் வந்த தலைமுறை தன் இதழுக்குப் பெயர் தேடியபோது, ‘கல்ப’ என்னும் அந்தச் சொல்லின் முற்பகுதியைத்தான் முதலில் எழுதிக்கொண்டது.